அணை நீரும் ஆற்று வளமும்

ஆற்று நீரை மறித்துப் பயிருக்குப் பாய்ச்சும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. கரிகாற் சோழன் எடுத்ததாகப் போற்றப்படும் கல்லணை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் காவிரி நீரைத் திருப்பிவிட்டு வருகிறது. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், 1836-ஆம் ஆண்டையொட்டி, சர் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கொள்ளிடத்தின் குறுக்கே அமைத்தார். 1934-இல் மேட்டூர் அணை பயனுக்கு வந்தது. இந்நான்கையும் நாம் 'அணை' என்னும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆயினும் முதல் மூன்றுக்கும் நான்காவதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு.

கல்லணை, மேலணை, கீழணை ஆகிய மூன்றும் நீரைத் திருப்பும் அணைகள். பெருமளவில் தேக்கும் அணைகள் அல்ல. மேலிருந்து வரும் வெள்ளம் ஏறக்குறைய வந்த அன்றே அவற்றைக் கடந்து சென்றுவிடும். வெள்ளத்துடன் வரும் வண்டலும் மணலும் மீனும் அவ்வாறே செல்லும். மேட்டூர் அணையோ நீரைத் தேக்கும் அணை. ஆடியில் வரும் வெள்ளத்தை அடக்கி வைத்து, மார்கழியிலும் தையிலும் நிற்கும் பயிருக்கு அளிப்பது அது. இதனால் ஆற்றில் எந்த நாளில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, மழையின் கையிலிருந்து பெரும்பாலும் மனிதன் கைக்கு வந்துவிட்டது.

இப்பொறுப்பில் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளன. வயலுக்கும் வீட்டுக்கும் நீர் கொடுப்பது ஒன்று. அணைக்குக் கீழேயுள்ள ஆற்றின் வளத்தை, அதாவது அதன் மணல், ஊற்று, கரை, மீன், கழிமுகம் ஆகியவற்றைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் தாமாகவே பொருந்துவனவும் அல்ல. எவ்வளவு நீர் திறப்பது என்பதோடு, எப்போது திறப்பது, எவ்வாறு திறப்பது என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அவை பொருந்தும். ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இக்கணக்கை அறிந்திருத்தல் நன்று.

மேட்டூர் அணையின் கணக்கு

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஓர் எண்ணை நினைவிற் கொண்டால், நாளிதழில் வரும் அணைச் செய்தியை வைத்து எவரும் தாமே கணக்குப் பார்க்கலாம்.

அணை முழுதும் நிரம்பியிருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேலாகச் செலவாகும். புதுநீர் வரத்து இல்லையெனில், நிரம்பிய அணையும் சுமார் 90 நாட்களில் தீர்ந்துவிடும். பாசனக் காலமோ வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, 231 நாட்கள். எஞ்சிய நாட்களுக்கு மேலிருந்து வரும் நீரையும், பவானி, அமராவதி முதலிய துணையாறுகளையும், வடகிழக்குப் பருவமழையையும் நம்பியே டெல்டாவில் குறுவையும் சம்பாவும் தாளடியும் நடைபெறுகின்றன.

வரவு எல்லா ஆண்டும் ஒரே அளவினதன்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்ட அணை, நீர் குறைந்தமையால் அக்டோபர் 10-ஆம் நாளே பாசனத்துக்கு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் திறக்கப்பட்டு, ஜூலை 30-ஆம் நாள் 120 அடியை எட்டியது. உபரி நீர் கொள்ளிடத்தில் பெருகி ஓடியது. பத்து மாதங்களுக்குள் வறட்சியையும் வெள்ளத்தையும் ஒரே ஆறு காட்டிவிட்டது. இத்தகைய ஆற்றில் ஒவ்வொரு கன அடிக்கும் பலர் உரிமை கேட்பது இயல்பே. அவ்வுரிமைப் பட்டியலில் ஆற்றின் பெயர் கடைசியில் எழுதப்படுவதும், நீர் குறைந்த ஆண்டில் முதலில் அடிக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன.

அணைக்குக் கீழே நேர்ந்த மாற்றங்கள்

அணை கட்டிய பின் அதன் கீழேயுள்ள ஆற்றில் நான்கு மாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, வண்டல். மேட்டூர் அணைக்கு முன்னர், புதுவெள்ளம் கொணர்ந்த செந்நிற வண்டல் வாய்க்கால் வழியே வயலில் ஏறிப் படிந்தது. அது விலையில்லா எருவாக இருந்தது. இப்போது அவ்வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. இதனால் வயலுக்கு எரு குறைகிறது; அணைக்குக் கொள்ளளவும் குறைகிறது. 2017-இல் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வறண்ட பகுதியில் வண்டலை உழவர்கள் அள்ளிக்கொள்ள அரசு வழி செய்தது, இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தணிக்கும் முயற்சியே.

இரண்டாவது, மணல். வண்டலையும் மணலையும் அணையில் இறக்கிவிட்டு வெளிவரும் தெளிந்த நீருக்குச் சுமை இல்லை. சுமையற்ற நீர் தன் வேகத்தால் கீழேயுள்ள படுகையை அரித்துச் சுமையைத் தேடிக்கொள்ளும். முன்பு துணையாறுகள் புதிய மணலைக் கொணர்ந்து அக்குறையை ஓரளவு ஈடு செய்தன. 1955-இல் பவானிசாகர் அணையும் 1957-இல் அமராவதி அணையும் எழுந்த பின் அவ்வரவும் சுருங்கிற்று. வரவு இவ்வாறு சுருங்கியிருக்கும் படுகையில் நாம் மணலையும் அள்ளினால், முதல் குறைந்துகொண்டே போகும் வாணிகம் போன்றதாகிவிடும். படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்பு மேடாகும், பாலத்தூணின் அடி வெளிப்படும், கரை சரியும்.

மூன்றாவது, மீன். கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றின் மேல் ஏறிவரும் உல்லம் மீன் முன்னர் காவிரியிலும் கொள்ளிடத்திலும் நிறைய அகப்பட்டது. வெள்ளத்தை மேட்டூர் அணை அடக்கிய பின் கீழ்க்காவிரியில் அம்மீன்வளம் குன்றியது. அணை தந்த நீர்த்தேக்கத்தில் கட்லா போன்ற மீன்கள் வளர்ந்து புதிய தொழிலைத் தந்தன என்பதும் உண்மை. ஆயினும் நீர்த்தேக்கத்து மீனவர் பெற்றதை ஆற்றோர மீனவர் பெறவில்லை.

நான்காவது, ஓட்டத்தின் ஒழுங்கு. இயற்கை வெள்ளம் படிப்படியே ஏறும், படிப்படியே வடியும். மதகு வழி வரும் நீர் ஒரே நாளில் ஏறலாம். ஒரே நாளில் இறங்கலாம். மேட்டூருக்குக் கீழே ஈரோட்டை ஒட்டிய பகுதியில் ஏழு கதவணை மின் நிலையங்களும் உள்ளன. அவற்றின் கதவுகள் இயங்கும் முறையும் ஆற்றின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்புடையது. நீர் திடீரென ஏறினால் குளிப்போருக்கும் கால்நடைக்கும் ஆபத்து. திடீரென இறங்கினால் கரைக்கு ஆபத்து: நீரில் ஊறிக் கனத்த கரைமண், தாங்கி நின்ற நீர் விலகியதும் தன் பாரத்தாலேயே சரிந்து விழும். படுகை நிலத்தில் வாழையும் வெற்றிலையும் பயிரிடுவோர் வெள்ளம் வடிந்த பின் கரை இடிந்து விழக் கண்டிருப்பர். காரணம் இதுவே.

மணற்படுகை ஒரு நீர்க்களஞ்சியம்

ஆற்று மணலை வீடு கட்டும் பொருளாக மட்டும் காண்பது குறைப் பார்வை. மணலின் இடுக்குகளில் நீர் தங்குகிறது. பருமணலின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நாம் இறைத்துக்கொள்ளக்கூடிய நீராக இருக்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள படுகையில் ஒரு மீட்டர் ஆழ மணலை எடுத்துக்கொள்வோம். அது ஐந்து லட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு லட்சம் கன மீட்டர் நீர். அதாவது 10 கோடி லிட்டர். ஐயாயிரம் மக்கள் உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் வேண்டும். எனவே அந்த ஒரு மீட்டர் மணல், மறுபடி நிரம்பாவிடினும், அவ்வூருக்கு ஏறக்குறைய ஓராண்டுக்குக் குடிநீர் தரவல்லது. மணல் போனால் அக்களஞ்சியமும் போகும். திருச்சி மாநகருக்கும், தொலைவிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களுக்கும் குடிநீர் செல்வது இத்தகைய படுகைக் கிணறுகளிலிருந்தே என்பதை நாம் மறத்தலாகாது.

கடலுக்குச் செல்லும் நீர் வீணா?

"இத்தனை டி.எம்.சி. கடலில் வீணாயிற்று" என்று வெள்ளக் காலத்தில் நாம் கேட்கிறோம். ஏரி குளங்களை நிரப்பாமல் ஒரே நாளில் பாய்ந்தோடிய வெள்ளத்தைப் பற்றி அவ்வாறு வருந்துவது நியாயமே. ஆயினும் கடலைச் சேரும் நீர் அனைத்தும் வீண் என்று முடிவு செய்வது தவறு.

கடலோர நிலத்தின் அடியில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உவர்நீரைத் தள்ளி நிறுத்தும் என்பது அறிவியலார் கண்ட விதி. இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் உண்டாகும். ஆற்றில் நீரோட்டம் நின்று, ஆழ்குழாய்க் கிணறுகளும் இறைத்து, நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், உவர்நீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறி வர இடமுண்டு. மேலே இழப்பது ஓரடி; கீழே இழப்பது நாற்பதடி.

கீழணைக்குக் கீழே கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. உபரி வெள்ளம் வரும்போது மட்டும் நீர் ஓடும். பழையாற்றை ஒட்டிய கழிமுகத்திலிருந்து உவர்நீர் உள்ளேறி, கரையோர ஊர்களின் கிணற்று நீரைக் கெடுக்கிறது. நிலத்தடி நீரை உயர்த்தவும் உவர்நீர் ஏறுவதைத் தடுக்கவும் ஆதனூர், குமாரமங்கலம் ஆகிய ஊர்களுக்கிடையே கொள்ளிடத்தில் கதவணைத் திட்டம் வகுக்கப்பட்டது இதனாலேயே. நெல்லோ உவரைப் பொறுக்கும் ஆற்றல் குறைந்த பயிர். ஒருமுறை உவரேறிய நிலத்தையும் நீரையும் மீட்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பிச்சாவரம் சதுப்புக் காடு உள்ளது. அங்குள்ள மரங்கள் உவர்நீரில் வளர்வன என்றாலும், நன்னீர் வந்து கலந்தால்தான் பல வகை மரங்களும் இறாலும் மீன்குஞ்சும் செழிக்கும். புயற்காற்றின் வேகத்தையும் அலையின் வேகத்தையும் தணிக்கும் வேலி அக்காடு. ஆகவே வறண்ட காலத்தில் கழிமுகம் வரை சென்று சேரும் சிறிதளவு நீர், வீணன்று. அது வேலிக்கு இட்ட காவல்.

ஆற்றின் பங்கு எவ்வளவு?

ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது புதுக் கோரிக்கையன்று, சட்டப்படி ஏற்கப்பட்டது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில், பங்கிடத் தகுந்த 740 டி.எம்.சி. நீரில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் அளித்த தீர்ப்பில் மாநிலங்களின் பங்குகள் திருத்தப்பட்டன. இந்த 10 டி.எம்.சி. மாறவில்லை. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டிய 177.25 டி.எம்.சி.யில் அதுவும் அடங்கும். மாத அட்டவணைப்படி பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களில் மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் அது வர வேண்டும். மேட்டூர் அணை பாசனத்துக்கு மூடியிருக்கும் மாதங்களும் ஏறக்குறைய இவையே என்பது கருதத்தக்கது.

இப்பங்கு எவ்வளவு பெரியது என்று கணக்கிடுவோம். 10 டி.எம்.சி. நீரை ஆண்டு முழுதும் சமமாகப் பகிர்ந்தால் வினாடிக்கு 317 கன அடிதான் கிடைக்கும். நான்கு மாதங்களுக்கு மட்டும் பகிர்ந்தால் வினாடிக்குச் சுமார் 965 கன அடி. பங்குனி வெயிலில் மேட்டூரிலிருந்து கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் அகன்ற மணற்படுகையில் இந்நீர் சிறு ஓடையாக ஓடி வழியிலேயே உறிஞ்சப்படும். குடிநீர்த் தேவையும் இதே காலத்தில் இதே நீரையே நாடும்.

ஆகவே, அளவைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. சிறிதளவு நீரைக் கொண்டு பெரும்பயன் பெற வேண்டுமானால், காலமும் முறையும் அறிந்து திறத்தல் வேண்டும். இவ்வினாவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஓர் அயல்நாட்டு அணையின் வரலாறு இங்கே நமக்குத் துணை செய்யும்.

கொலராடோ ஆற்றில் கண்ட பாடம்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கான்யன் என்னும் அணை உள்ளது. உயரம் 710 அடி. 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. நீரைச் சேமிப்பதும் மின்சாரம் எடுப்பதும் அதன் நோக்கங்கள். அணைக்குக் கீழே உலகப் புகழ்பெற்ற கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது.

அணை வந்த பின் அங்கேயும் வண்டல் நின்றது. தெளிந்த குளிர்நீர் வந்தது. நகரங்களின் மின்தேவைக்கேற்பப் பகலில் ஆறு உயர்ந்தது, இரவில் தாழ்ந்தது. கரையோர மணல்திட்டுகள் கரைந்தன. அவ்வாற்றுக்கே உரிய மீன்கள் அருகின. மக்கள் முறையிடவே, 1992-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அப்பள்ளத்தாக்கைக் காக்கும் வகையில் அணையை இயக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. 1996-இல் வகுத்த விதிகளின்படி, ஒரு மணி நேரத்தில் நீர்த்திறப்பை வினாடிக்கு 4,000 கன அடிக்கு மேல் கூட்டலாகாது. 1,500 கன அடிக்கு மேல் குறைக்கலாகாது என்றும் அப்போது வரம்பிடப்பட்டது. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குக் கடுமையான வரம்பு வைத்தது நோக்கத்தக்கது.

அதே ஆண்டில் ஒரு சோதனையும் நடந்தது. வினாடிக்கு 45,000 கன அடி வீதம் ஏழு நாட்கள் வேண்டுமென்றே வெள்ளம் விடப்பட்டது. அடியிலுள்ள மணலைக் கிளப்பிக் கரையோரத்தில் படியச் செய்வது கருத்து. திட்டுகள் எழுந்தன, ஆயினும் பெரும்பகுதி விரைவில் கரைந்துபோயிற்று. ஆற்றடியில் போதிய புதுமணல் இல்லாத காலத்தில் விட்ட வெள்ளம், தாழ்ந்த திட்டுகளின் மணலை எடுத்தே உயர்ந்த திட்டுகளைக் கட்டியது என ஆராய்ந்து கண்டனர். அதன் பின் 2004-இலும் 2008-இலும், துணையாறு புதுமணலைக் கொணர்ந்து சேர்த்த பிறகு, ஏறக்குறைய இரண்டரை நாட்களே நீடிக்கும் வெள்ளத்தை விட்டனர். 2012-இல் இதனை ஒரு நடைமுறையாகவே வகுத்தனர். மாநிலங்கள், பழங்குடியினர், மின்சாரம் வாங்குவோர், மீன்பிடிப்போர், இயற்கை காப்போர் ஆகியோரின் பேராளர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று 1997 முதல் இயங்குகிறது.

நம் ஆற்றுக்கு இதனை அப்படியே பொருத்துதல் இயலாது. அங்கே அணைக்குக் கீழே மக்கள் குடியிருப்பில்லாத ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இங்கே இரு கரையிலும் ஊர்களும் வயல்களும் படித்துறைகளும் உள்ளன. சோதனை வெள்ளம் நமக்கு ஏற்றதன்று. எனினும் மூன்று பாடங்கள் நமக்கும் உரியன. நீரின் அளவைப்போலவே அது விடப்படும் காலமும் முக்கியம். கூட்டுவதும் குறைப்பதும் படிப்படியே நிகழ வேண்டும். செய்து பார்த்து, அளந்து பார்த்து, திருத்திக்கொள்ள வேண்டும்.

இம்மூன்றாவது பாடம் காவிரிக்கும் பழக்கமானதே. காட்டன் மேலணையைக் கட்டிய பின், முன்பு வறண்ட காவிரிக்கு அளவுக்கு மிஞ்சிய நீர் வந்து அதன் படுகை அரிக்கப்பட்டது. உடனே அணையைப் பழிக்காமலும், குறையை மறைக்காமலும், அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும் காவிரித் தலைப்பில் வேண்டிய கட்டுமானங்களைச் சேர்த்தும் சரிசெய்தனர். 2018 ஆகஸ்ட் 22-ஆம் நாள் இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோதும், அருகே புதிய கதவணை எழுப்பப்பட்டது. ஆற்றில் எந்த ஏற்பாடும் என்றென்றைக்கும் முடிந்த முடிபன்று.

உழவர் கேட்கும் கேள்வி

"என் வயல் வெடித்துக் கிடக்கும்போது ஆற்றுக்கு நீர் விடுவதா?" என்று உழவர் கேட்பர். இக்கேள்வியைத் தட்டிக் கழித்தல் நேர்மையாகாது. நீர் மிகக் குறைந்த ஆண்டில் குடிநீர் முதலில். நின்ற பயிர் அடுத்து. இதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய ஆண்டிலும் ஆற்றின் பங்கு குறையலாமேயன்றி அறவே இல்லாமற்போகலாகாது. ஏனெனில் ஆற்றின் பங்கு என்பது, வாய்க்கால் வறண்ட பின் அதே உழவர் நாடும் கிணற்றின் பங்கு. ஆற்றுக்கு விட்ட நீரே ஊற்றாகித் திரும்பி வருகிறது.

மேலும், பங்கு கொடுப்பதற்கு இடமில்லை என்று கூறுமுன், வயலில் இடமுண்டா என்று பார்த்தல் வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் வயலை எப்போதும் நீரில் மூழ்கடித்து வைக்க வேண்டுவதில்லை. நீர் வற்றி, நுண்ணிய வெடிப்புத் தோன்றும் வேளையில் மீண்டும் பாய்ச்சினால் போதும். வாய்க்கால் தலைப்பில் உள்ளவர் மிச்சப்படுத்தும் நீர் முதலில் கடைமடைக்குப் போகும்; அதன் பின்னரே ஆற்றுக்கு. கடைமடை உழவரும் ஆறும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் உணர்தல் வேண்டும். இருவரும் பிறர் எடுத்தது போக எஞ்சியதையே பெறுபவர்கள்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

அணையைத் திறப்பதும் மூடுவதும் அரசும் நீர்வளத் துறையும் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் நெறிக்குட்பட்டுச் செய்வன. ஆயினும் திறந்த நீர் ஆற்றில் என்ன பயன் செய்தது என்று அறிந்து கூறக்கூடியவர் ஆற்றோர மக்களே. ஆகவே ஊராட்சிகள் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்.

1. கிணற்றுக் குறிப்பேடு. ஊரில் ஆற்றை ஒட்டிய கிணறு ஒன்று, அரை மைல் தள்ளிய கிணறு ஒன்று என இரண்டைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் ஒரே தேதியில் நீர்மட்டத்தை அளந்து எழுதி வைத்தல் வேண்டும். கரைந்த உப்பின் அளவையும் சோதித்தல் நன்று. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது. வேறு வழியில்லாவிடில் 2,000 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணயம். ஆற்றில் நீர் வந்த தேதியையும் நின்ற தேதியையும் அதே ஏட்டில் குறித்தால், எத்தனை நாள் ஓடிய நீர் கிணற்றை எவ்வளவு உயர்த்திற்று என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தெளிவாகும். நீர்வளத் துறையினரிடம் இவ்வேட்டைக் காட்டிக் கேட்கும் கோரிக்கைக்கு வலிமை மிகுதி.

2. மணற்காவல். இரவில் மணல் அள்ளப்படுமாயின் வருவாய்த் துறைக்கும் காவல் துறைக்கும் அறிவித்தல் ஊராட்சியின் கடமை. பாலம், கதவணை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றின் அருகே படுகையின் மட்டத்தை ஆண்டுக்கொரு முறை ஒரு தூணில் கோடிட்டுக் குறித்து வந்தால், படுகை தாழ்வது எவர் கண்ணுக்கும் புலனாகும்.

3. வெள்ள அறிவிப்பு. மேட்டூரில் திறந்த பாசன நீர் கல்லணையை அடைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். பெருவெள்ளம் அதனினும் விரைந்து வரும். இந்த இடைவெளி நமக்குக் கிடைத்த அவகாசம். அறிவிப்பு வந்ததும் தண்டோரா, ஒலிபெருக்கி, கைப்பேசி ஆகிய எல்லா வழியிலும் செய்தி பரவ வேண்டும். நாதல்படுகை, முதலைமேடு போன்ற கொள்ளிடக்கரைத் திட்டு ஊர்களில் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டும் வழியும் இடமும் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆடிப்பெருக்கு நாளில் படித்துறைக் காவலுக்கு இளைஞர்களை அமர்த்துதல் நலம்.

4. வெள்ளத்தைத் தங்க வைத்தல். உபரி நீர் கொள்ளிடத்தில் ஓடும் சில நாட்களே ஏரி குளங்களுக்கு நல்ல வேளை. ஜூன் மாதத்துக்கு முன்னரே வரத்து வாய்க்கால்களும் வடிகால்களும் தூர்வாரப்பட்டிருந்தால்தான் அந்நாட்களைப் பயன்படுத்த முடியும். வெள்ளம் வந்த பின் மண்வெட்டி தேடுவதில் பயனில்லை.

5. கழிவைத் தடுத்தல். ஓட்டம் குறைந்த ஆற்றுக்குக் கழிவைக் கரைத்துக் கொண்டுபோகும் ஆற்றல் இல்லை. ஊரின் சாக்கடையையும் குப்பையையும் ஆற்றில் விடாமல், உறிஞ்சு குழிகளும் உரக்குழிகளும் அமைத்தல் வேண்டும். சாயக் கழிவோ தொழிற்சாலைக் கழிவோ கலப்பது தெரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

6. மீனவரைச் சேர்த்துக்கொள்ளல். ஆற்றின் நிலையை நாள்தோறும் காண்பவர் மீனவர். எந்த மடுவில் கோடையிலும் நீர் நிற்கிறது, எந்த மீன் எப்போது ஏறுகிறது என்பதை அவர்கள் அறிவர். அத்தகைய மடுக்களில் சிறுகண் வலையையும் நஞ்சிட்டு மீன்பிடிப்பதையும் தடுத்தால், அடுத்த வெள்ளத்துக்கு வித்து மிஞ்சும்.

7. கிராம சபையில் விவாதித்தல். ஆண்டுதோறும் மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளன்று, கிராம சபை கூடுகிறது. ஆற்றின் பங்கு வர வேண்டிய மாதமும் அதுவே. கிணற்றுக் குறிப்பேட்டை அன்று சபையில் படித்துக் காட்டி, கோடையில் நீர் எப்போது வந்தால் தம் ஊருக்குப் பயன் மிகுதி என்று தீர்மானம் இயற்றி அனுப்பலாம். நீரைச் சிறிது சிறிதாக நாள்தோறும் விடுவதா, அல்லது சேர்த்துச் சில நாட்கள் விடுவதா என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். மேலூருக்குச் சிற்றோடை போதும். கழிமுகத்து ஊருக்குச் சேர்த்து விட்டால்தான் நீர் எட்டும். பக்கத்து ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரே கோரிக்கையாக அனுப்பினால், பொறியாளருக்கும் முடிவு செய்வது எளிதாகும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் ஏடும், ஓர் அளவுகோலும், மாதத்தில் அரை நாள் உழைப்புமே போதுமானவை. மேட்டூர் அணை நமக்குச் செய்த நன்மை பெரிது. அதனைக் குறைத்துப் பேசுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நன்மை நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமானால், அணைக்குக் கீழே மணலும் ஊற்றும் மீனும் உள்ள ஆறு ஒன்று எஞ்சியிருத்தல் வேண்டும். வரும் மாதத்திலேயே ஒவ்வோர் ஆற்றோர ஊராட்சியும் தன் இரு கிணறுகளைத் தெரிந்தெடுத்து முதல் அளவைக் குறித்துக்கொள்ளுமாயின், அடுத்த கோடையில் நாம் வெறுங்கையுடன் பேச வேண்டியிராது.